எருவையும் சடாயுவும்: அருகிவரும் பறவையைக் கலை காட்டும் நெறி

ஓரிடத்து வாழும் உயிரினம் அருகிவருங்கால், அதனை மக்கள் உள்ளத்திற் பதிப்பதற்குப் பாட்டும் கூத்தும் ஓவியமும் சிற்பமும் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. பள்ளிகளில் மாணாக்கர் முகமூடி செய்து அணிகின்றனர். ஊர்களில் வீதி நாடகம் நடிக்கப்படுகின்றது. சுவர்களில் ஓவியம் தீட்டப்படுகின்றது. ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களின் முதற் சனிக்கிழமை பாறு பற்றிய பன்னாட்டு விழிப்புணர்வு நாளாகவே கொண்டாடப்பட்டு வருகின்றது. இம்முயற்சிகளின் நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. ஆயின், நோக்கம் நன்றாயிருத்தலால் மட்டும் கலை நன்றாகிவிடாது. கலை நன்றாயிருத்தலால் மட்டும் கருதிய பயன் விளைந்துவிடாது. ஒரு கலைப்படைப்பு அவ்வுயிரை எவ்வாறு காட்டுகின்றது, அக்காட்சி அவ்வுயிரின் அழிவுக்குரிய காரணத்தொடு பொருந்துகின்றதா என ஆராய்தல் திறனாய்வின் கடமையாகும். ஈண்டு நாம் பாறு என்னும் பறவையை எடுத்துக்கொண்டு, நம் இலக்கியமும் பிற கலைகளும் அதனைக் காட்டியுள்ள மூவகை நெறிகளை ஒப்புநோக்கி, அவற்றுள் இன்றைய தேவைக்கு உரியது யாது என்பதைக் காண முயல்கின்றோம்.

பெயரும் குழப்பமும்

முதற்கண் பெயர் பற்றிச் சில கூறல் வேண்டும். இறந்த விலங்கின் உடலை உண்டு வாழும் இப்பறவையினத்தை மக்கள் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்கின்றனர். செய்தித்தாள்கள் ‘வல்லூறு’ என்று எழுதுதலும் உண்டு. வல்லூறு என்பது உயிருள்ள சிறு பறவைகளைப் பிடித்துண்ணும் வேறு பறவை. ‘கழுகு’ என்னும் சொல்லோ, வேட்டையாடும் பெரும்பறவைக்கும் பிணம் உண்ணும் பறவைக்கும் பொதுவாகிவிட்டது. இதனால் விளைந்த கேடு சிறிதன்று. ‘கழுகைக் காப்போம்’ என்று எழுதி, அதன் கீழே தலை முழுதும் இறகு மூடிய வேட்டைப் பறவையின் உருவத்தை வரைந்து வைக்கும் விளம்பரத் தாள்கள் இக்குழப்பத்தின் விளைவே. காக்கப்பட வேண்டிய பறவை ஒன்று. படத்தில் உள்ள பறவை மற்றொன்று.

‘பாறு’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை இப்பறவைக்கு மீண்டும் வழங்க, கோவையைச் சார்ந்த அருளகம் அமைப்பினர் முயன்று வருகின்றனர். தமிழ்நாட்டில் காணப்பெறும் நால்வகைப் பறவைகளும் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என இன்று பெயர் பெற்றுள்ளன. இப்பெயர்கள் உடலின் வண்ணத்தையும் உறுப்பையும் சுட்டுவன. இழிவு யாதொன்றையும் சுட்டாதன. ஓர் உயிரைப் பற்றிய முதற் கலைப்படைப்பு அதன் பெயரே எனலாம். ‘பிணந்தின்னி’ என்று தொடங்கும் பெயரைக் கேட்டவன், அப்பறவையைக் காணுமுன்னரே அதன்மேல் தீர்ப்பு வழங்கிவிடுகின்றான்.

அழிவும் அதன் காரணமும்

இந்தியாவில் இலக்கக் கணக்கில் வாழ்ந்த பாறுகள் 1990-களில் விரைந்து மறையத் தொடங்கின. இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் பூங்காவில் இவ்வீழ்ச்சி முதலில் நன்கு பதிவு செய்யப்பட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளின் தொகை ஏறத்தாழ 99.9 விழுக்காடு குறைந்தது என ஆய்வாளர் கணக்கிட்டனர். கருங்கழுத்துப் பாறும் அதனை ஒத்த மற்றோரினமும் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. நோயோ, பட்டினியோ, வேட்டையோ எனப் பலவாறு ஐயுற்ற பின், 2004-ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. மாடுகளின் வலியும் வீக்கமும் தணிய இடப்படும் டைகுளோபினாக் என்னும் மருந்தே காரணம். அம்மருந்து ஏற்ற மாடு சில நாட்களுக்குள் இறப்பின், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அவ்வுடலை உண்ட பாறின் சிறுநீரகம் பழுதுறும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்பொடியாகப் படியும். பறவை சின்னாட்களில் மாயும். நூறு சடலங்களுள் ஒன்றிற்கும் குறைவானது நஞ்சுற்றிருப்பினும் இத்துணைப் பேரழிவு நேரக்கூடும் எனக் கணக்கீடுகள் காட்டின. ஒரு சடலத்தைப் பல பறவைகள் கூடி உண்பதும், ஓரிணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதும் இதற்குக் காரணமாம்.

கால்நடை மருத்துவத்தில் இம்மருந்து 2006-இல் தடை செய்யப்பெற்றது. மக்களுக்குரிய பெருங்குப்பிகள் மாட்டுக்குப் பயன்படுதலைத் தடுக்க, 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் ஆகியவை 2023-இலும், நிமிசுலைடு 2024 டிசம்பரிலும் கால்நடைப் பயன்பாட்டினின்று விலக்கப்பட்டன. மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது ஆய்வால் தெளிந்துள்ளது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஒரே காலத்தில் எடுத்த கணக்கில், 2023 பிப்பிரவரியில் 246 பாறுகளும், அவ்வாண்டு டிசம்பரில் 320 பாறுகளும் காணப்பட்டன. தென்னகத்தில் எஞ்சிய இச்சிறு கூட்டத்திற்கு முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கே தாயகம். அவ்வாற்றங்கரை நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன.

பறவை அழிந்ததால் மாந்தர்க்கு வந்த கேட்டையும் ஈண்டுக் குறித்தல் தகும். பாறுகள் இன்மையால் சடலங்கள் அழுகி நீரும் நிலமும் கெட்டன, வெறிநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் இதனால் இந்தியாவில் ஏறத்தாழ 5 இலக்கம் மக்கள் மிகுதியாக இறந்தனர் என 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

இச்செய்திகளை நாம் விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. இவ்வழிவில் பகைவன் எவனும் இல்லை. பாறுகளை வெறுத்து ஒருவன் அம்பெய்தானல்லன். தன் மாடு நோவால் துடிப்பதைப் பொறாத உழவன் ஒருவன் மருந்திட்டான். அவன் அருளே பறவைக்கு நஞ்சாயிற்று. இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு கலைகளை ஆராய்வாம்.

பிணக்களத்துப் பறவை

நம் இலக்கியத்தில் பாறும் கழுகும் எருவையும் மிகுதியாகத் தோன்றுமிடம் போர்க்களமே. புறப்பாடல்களில் வேந்தனது வெற்றியின் அளவை உணர்த்தும் கருவியாக இப்பறவைகள் நிற்கின்றன. களத்திற் பறவை நிறைந்தது எனின், பகைவர் பலர் மாய்ந்தனர் என்பது பொருள். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இம்மரபைப் பேய்க் கூட்டத்தொடு சேர்த்து மேலும் வளர்த்தது. பறவை ஈண்டுத் தனக்கென வாழ்வுடைய உயிரன்று. மன்னன் மறத்தின் அடையாளம். அது வருவது எங்கிருந்து, தங்குவது எம்மரத்தில், ஊட்டுவது எக்குஞ்சுக்கு என்று பாட்டு வினவுவதில்லை. வினவ வேண்டிய கடப்பாடும் அதற்கில்லை.

இக்காட்சி பழைய இலக்கியத்தொடு நின்றுவிடவில்லை. 1993-இல் கெவின் கார்ட்டர் என்பார் சூடான் நாட்டில் எடுத்த நிழற்படம் உலகறிந்தது; மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. பசியால் தளர்ந்து குனிந்த குழந்தையும், அதன் பின்னே அமர்ந்த பாறும் அப்படத்தில் உள்ளன. பஞ்சத்தின் கொடுமையை அது உணர்த்தியது உண்மை. அதே வேளையில், அரசியலும் போரும் விளைத்த பஞ்சத்தின் முகமாக அப்பறவை நின்றுவிட்டது. நம் மேடைகளிலும் பிறர் துயரில் ஆதாயம் தேடுவாரைப் ‘பிணந்தின்னிக் கழுகுகள்’ என்று வைதல் வழக்கமாகிவிட்டது. கொல்லாத பறவை ஒன்று கொலையின் குறியீடாயிற்று. உயிருள்ள எதனையும் கொல்லாமல், இறந்ததை உண்டு நிலத்தைத் தூய்மை செய்யும் பறவைக்கு இதனினும் பெரிய முரண் வேறில்லை.

சடாயு

இவ்விழிவைப் போக்க முயன்ற கலைஞர் பெரும்பாலும் நாடியது சடாயுவையே. இது இயல்பானது. வான்மீகியும் கம்பரும் சடாயுவைத் தயரதனின் நண்பனாகப் படைத்தனர். சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணனை முதுமையிலும் தனியனாய் எதிர்த்து, சிறகிழந்து வீழ்ந்து, இராமனுக்குச் செய்தி சொல்லி உயிர் நீத்தவன் அவன். இராமன் மகன் என்னும் முறையில் நின்று அவனுக்கு இறுதிக் கடன் ஆற்றினான். புள்ளிருக்குவேளூரில் இப்புள்ளரசன் இறைவனை வழிபட்டதாகப் புராணம் கூறும். பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களில் நிகழும் தோற்பாவைக் கூத்தில் கம்பர் பாடல்கள் வழியே இக்கதை இன்றும் நிழலுருவில் ஆடப்படுகின்றது. இரவி வருமரின் ஓவியமும் சடாயு சிறகு அறுபடும் காட்சியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கும் நடுவத்திற்கும் சடாயுவின் பெயரே இடப்பட்டுள்ளது. பிணக்களத்துப் பறவையை மதிப்பிற்குரியதாக்க இதனினும் வலிய கதை நம்மிடம் இல்லை.

ஆயினும் இந்நெறியில் மூன்று குறைகள் உள்ளன என்பது நம் கருத்து.

முதலாவது, சடாயு பாறாக வாழ்வதில்லை. அவன் பேசுகின்றான், அறம் உரைக்கின்றான், அரசனோடு நட்புக் கொள்கின்றான். ஆயின் பிணம் உண்பதாக அவனை நாம் நினைப்பதில்லை, நினைக்க அஞ்சுகின்றோம். எச்செயலால் பாறு இகழப்படுகின்றதோ, எச்செயலே அதன் தொண்டாகவும் உள்ளதோ, அச்செயலை மறைத்தே இக்கதை அதற்குப் பெருமை தருகின்றது. மறைத்துத் தரும் பெருமை, மறைந்தது வெளிப்பட்டவுடன் நீங்கிவிடும். சடாயுவை வணங்கியவனே ஊர்ப்புறத்துச் சடலத்தருகே அமர்ந்த பாறினைக் கண்டு முகம் சுளித்தலை நாம் காண்கின்றோம்.

இரண்டாவது, அக்கதையில் இராவணன் உள்ளான். சிறகை அறுத்தவன் இன்னான் எனச் சுட்ட இயலும். கதைப்போக்கை அப்படியே பின்பற்றும் விழிப்புணர்வு நாடகம், பறவைக்கு ஒரு பகைவனைப் படைத்தே தீரும். துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரன் ஒருவனை மேடையேற்றி, அவன் திருந்துவதாக முடித்தல் எளிது. அவையோரும் ‘நாம் வேட்டையாடுவாரல்லேம்’ என்று மனநிறைவுடன் கலைந்து செல்வர். அவ்வவையிலேயே மாட்டுக்கு ஊசி இடுவிப்பவரும், மருந்துக் கடை நடத்துபவரும் அமர்ந்திருப்பர். நாடகம் அவர்களைத் தீண்டியிராது. பகைவன் இல்லாத அவலத்தைப் பகைவன் உள்ள கதையால் சொல்லப் புகுந்தமையின் விளைவு இது.

மூன்றாவது, சடாயுவின் இறப்பு கதைக்கு இன்றியமையாதது. அவன் வீழ்ந்தமையாலன்றோ இராமனுக்கு வழி தெரிந்தது! அவ்விறப்பைக் கேட்பார் கண்ணீர் விடுவர். ஆயின் அது நிகழாதிருந்திருக்கக் கூடாதா என எண்ணார். தியாகமாகக் காட்டப்பட்ட சாவு தடுக்கத்தக்க சாவாகத் தோன்றுவதில்லை.

கேரளத்துச் சடையமங்கலத்தில் இராசீவ் அஞ்சல் என்பார் அமைத்து 2018-இல் திறக்கப்பெற்ற சடாயுச் சிற்பம் இதற்குத் தக்க சான்று. 200 அடி நீளமும் 150 அடி அகலமும் 70 அடி உயரமும் உடைய அச்சிற்பம், குன்றின் உச்சியில் ஒரு சிறகிழந்து மல்லாந்து கிடக்கும் பறவையைக் காட்டுகின்றது. பெண்மையின் மாண்பும் பாதுகாப்பும் அதன் கருத்தாக அறிவிக்கப்பட்டுள்ளன. அக்கருத்துக்கு அது பொருந்திய வடிவமே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயின் உலகின் மிகப் பெரிய பறவைச் சிற்பம் எனப் போற்றப்படும் ஒன்று, அப்பறவை வானினின்று மறைந்துகொண்டிருந்த காலத்திலேயே எழுந்தும், அம்மறைவைப் பற்றிப் பேசுவதைத் தன் பொருளாகக் கொள்ளவில்லை. கதைப்பறவை ஓங்கி நிற்க, காட்டுப்பறவை நினைவில் வாராது போதல் இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வழிபாடே காவலாகாதோ என வினவலாம். திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் இரு மஞ்சள்முகப் பாறுகள் வந்து குருக்கள் அளித்த உணவை ஏற்றன. அவை முனிவரின் உருவங்கள் என்றும், கங்கையாடி இராமேசுவரம் செல்வன என்றும் மக்கள் நம்பினர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவ்வரவு நின்றது. பறவை வாராத நாட்களில் ‘கூட்டத்தில் பாவியர் உளர்’ என்று கூறும் வழக்கம் முன்னரே இருந்தது. நம்பிக்கை தனக்குரிய விளக்கத்தைத் தானே வைத்திருந்தமையால், பறவை எங்குச் சென்றது, அதன் கூடு எங்குள்ளது என்னும் கேள்விக்கு அங்கு இடமில்லாது போயிற்று. வழிபாடு பறவையைத் துன்புறுத்தாது; அதனளவில் நன்றே. ஆயின் துன்புறுத்தாமை வேறு, காத்தல் வேறு.

இளங்கீரனார் காட்டிய எருவை

இனி மூன்றாவது நெறியைக் காண்பாம். அகநானூற்றின் மூன்றாம் பாடல் எயினந்தை மகனார் இளங்கீரனார் இயற்றியது, பாலைத்திணை. முன்னர்ப் பொருள் தேடப் பிரிந்து துன்புற்ற தலைவன், மீண்டும் பிரியத் தூண்டும் தன் நெஞ்சை நோக்கிக் கூறுவதாக அமைந்தது. அப்பாடலில் வழியின் கொடுமையைக் கூறுமிடத்து எருவை வருகின்றது. முதலையின் தோலை ஒத்த பட்டையையுடைய ஓமை மரத்தின் பெருங்கிளையில் கூடு. அக்கூட்டில் குஞ்சு ஈன்று காத்துக்கிடக்கும் வளைந்த அலகுடைய பெடை. அதற்கு இரை தேடிப் புறப்படும் சிவந்த செவியுடைய சேவல். மலைச்சாரலில் புலி மரையாவை வீழ்த்திக் குருதியுண்டு விட்டுச் சென்ற புலால், அச்சேவலுக்கு இரையாகின்றது.

பழைய உரைகளில் எருவையைத் தலை வெளுத்து உடல் சிவந்த பருந்தாகக் கொள்ளும் வழக்கு உண்டு. இப்பாடலின் அடைமொழி அதற்கு இசையாது. செவி சிவந்து தோன்றுதல், தலையில் இறகின்றிச் செந்தோல் தெரிந்து, செவியின் பக்கத்தே தோல்மடிப்புத் தொங்கும் செந்தலைப் பாறுக்கே பொருந்தும். புலவர் பறவையை நேரிற் கண்டவர் என்பதற்கு இவ்வொரு சொல் போதும். சங்கப் பாடல்களின் அடைமொழிகளை உயிரியல் அறிவோடு இணைத்துப் பறவைகளை இனங்காணும் ஆராய்ச்சியைப் பி. எல். சாமி அவர்கள் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் (1976) விரிவாகச் செய்துள்ளார்கள். அந்நெறியிலேயே நாம் இதனைக் கூறுகின்றோம்.

இப்பாடலில் பறவையின் உணவு மறைக்கப்படவில்லை. புலால் நாற்றமும் கூறப்படுகின்றது. கொள்ளையிடும் மாந்தரோடு அப்பறவை உவமிக்கவும் படுகின்றது. பாலையின் அச்சம் சிறிதும் குறைக்கப்படவில்லை. ஆயினும் அப்பறவை இழிவுறவில்லை. ஏனெனில் அது எதற்காக அப்புலாலைக் கவர்கின்றது என்பதைப் புலவர் முதலிலேயே கூறிவிட்டார். கூட்டிற் கிடக்கும் பெடைக்காக. துணையைக் காத்தற்கு இரை தேடும் பறவையையும், துணையைப் பிரிந்து பொருள் தேடத் துணியும் நெஞ்சையும் அடுத்தடுத்து வைத்தமையால், இறைச்சிப் பொருளாகத் தலைவனுக்கு ஓர் இடித்துரையும் பிறக்கின்றது. பிணம் உண்ணும் பறவை ஈண்டு அன்புக்கு ஆசானாக நிற்கின்றது. அதுவும் பிணம் உண்பதை விடாமலே!

மேலும் நோக்குமின்! மரம், கூடு, பெடை, சேவல், புலி, மரையா, சாரல் என ஒரு வாழிடம் முழுதும் சில அடிகளில் அடங்கியுள்ளது. ஒன்று நீங்கின் மற்றொன்று நிலையாது. இன்றைய மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் புலி கொன்று எஞ்சிய உடல் பாறுகளுக்கு உணவாகின்றது. கரைமரம் கூட்டைத் தாங்குகின்றது. ஓமைக்கு ஈடாக நீர்மருதம் நிற்கும் அவ்வளவே வேறுபாடு. கருப்பொருள் என்று நம் இலக்கண நூலார் தெய்வமும் உணவும் மாவும் மரமும் புள்ளும் ஒருங்கே வைத்து எண்ணியதன் ஆழம் இங்கே புலனாகும். நாற்கவிராச நம்பி எருவையையும் கழுகையும் பாலைக்குரிய புள்ளாக வரிசைப்படுத்துகின்றார். புள்ளைத் தனியே எடுத்துப் போற்றுவது அம்மரபன்று; நிலத்தொடு வைத்துக் காண்பதே அம்மரபு.

அசாம் காட்டும் சான்று

கலை காரணத்தொடு பொருந்துமாயின் பயன் எத்தகையது என்பதற்கு அசாம் மாநிலம் நல்ல சான்று. ஆங்குக் ‘கர்கிலா’ எனப்படும் பெருநாரை, பாறு போலவே சடலமும் கழிவும் உண்பது. அருவருப்புக்கும் அமங்கலத்துக்கும் உரியதாகக் கருதப்பட்டது. காமரூப மாவட்டத்துத் தாதரா முதலிய ஊர்களில் அதன் கூடுகள் தனியார் தோட்டத்து மரங்களில் இருந்தன. எச்சமும் நாற்றமும் பொறாது உரிமையாளர் மரங்களை வெட்டினர். 2007 முதல் பூர்ணிமா தேவி பர்மன் அவ்வூர்ப் பெண்டிரைத் திரட்டினார். பறவையின் உருவத்தை அவர்கள் தறியில் நெய்தனர். பாடல் இயற்றிப் பாடினர். சூலுற்ற மகளிர்க்குச் செய்யும் மங்கலச் சடங்கைக் கூடு கட்டும் பறவைக்காகச் செய்தனர். ஏறத்தாழ 28-ஆக இருந்த கூடுகள் அப்பகுதியில் 200-ஐக் கடந்தன. 2023-இல் உலகப் பட்டியலிலும் அப்பறவை ‘அழிநிலை’யினின்று சற்றே தேறிய நிலைக்கு மாற்றப்பெற்றது.

இவ்வெற்றிக்குக் காரணம் கலையின் அழகு மட்டுமன்று, பொருத்தமே. அங்கு அழிவின் காரணம் வெறுப்பு. மரத்தை வெட்டிய கை வீட்டாரின் கை. அவ்வீட்டுப் பெண்டிரே நெய்யவும் பாடவும் தொடங்கியமையால் வெறுப்பு நீங்கியது. நீங்கவே மரம் நின்றது. பறவை சடலம் உண்பதையும் அவர்கள் மறைத்தாரல்லர். தாய்மையை அதனோடு சேர்த்துக் கண்டனர். இளங்கீரனார் நெறிக்கு இஃது எத்துணை அணுக்கமானது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆயின் அம்முறையை அப்படியே எடுத்துத் தமிழகத்துப் பாறுக்கு இடுதல் போதாது. பாறின்மேல் வைக்கும் அன்பு மாட்டுக்கு இடும் மருந்தை மாற்றாது. பாறினை நேசிக்கும் உழவனும், அறியாமையால் அதனைக் கொல்லக்கூடும். ஆதலின் ஈண்டுக் கலை இரண்டு செய்தல் வேண்டும்: பறவையை அதன் உண்மை வடிவில் காட்டுதல் ஒன்று, மருந்துக்கும் சடலத்துக்கும் கூட்டுக்கும் உள்ள தொடர்பைக் கதையின் உயிர்முடிச்சாக அமைத்தல் மற்றொன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அவையோரோடு நேரே உரையாடும் உரிமையுடையவன். அவன் கையில் ஒரு மருந்துக்குப்பி இருப்பின், கதைக்கு இராவணன் வேண்டுவதில்லை. மாட்டைக் காக்க விரும்பும் நல்லவன் ஒருவன், எம்மருந்தைக் கேட்டு வாங்குவது என்று தடுமாறும் இடமே நாடகத்தின் உச்சமாகலாம். நல்லவர் செய்யும் நற்செயலிலிருந்து கேடு பிறத்தல் அவலச் சுவைக்கு உயர்ந்த பொருள் என்பதை நாடக நூல் கற்றார் அறிவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பிணக்களத்துப் பறவையாகக் காட்டும் நெறி பாறினை இழிவுபடுத்துகின்றது. சடாயுவாகக் காட்டும் நெறி மதிப்புத் தருகின்றது. ஆயின் பறவையின் உண்மை வாழ்வையும் அழிவின் உண்மைக் காரணத்தையும் மறைக்கின்றது. உணவையும் அன்பையும் வாழிடத்தையும் ஒருங்கே காட்டும் அகப்பாட்டு நெறியே இன்றைய கலைஞர்க்கு ஏற்ற வழிகாட்டி. சடாயுவைக் கைவிடுக என்பது நம் கருத்தன்று. பறவையை மதிக்க ஒரு வாயிலாக அக்கதை இருக்கட்டும். வாயிலையே வீடாகக் கொள்ளுதல் தகாது என்பதே நாம் வலியுறுத்துவது.

தமிழ்த்துறையினர்க்கும் இதிற் கடமை உண்டு. நம் பாடல்களில் வரும் புள்ளையும் மாவையும் ‘ஒருவகைப் பறவை’, ‘ஒருவகை விலங்கு’ என்று உரை எழுதிச் செல்லும் பழக்கம் இனியேனும் நீங்க வேண்டும். மாணாக்கன் ஒருவன் அகநானூற்று எருவையைப் படித்த பின், மாயாற்றங்கரையில் வட்டமிடும் செந்தலைப் பாறினைக் கண்டு ‘இதுவே அது’ என்று கூறுவானாயின், உரை தன் பணியைச் செய்ததாகும். அப்பறவை அங்கு வட்டமிடும் வரையே அவ்வாறு கூற இயலும். பாட்டின் பொருள் விளங்குவதற்கே பறவை உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் நிலை இன்று வந்துவிட்டது.